அடுப்பு தூங்கும் நேரம்

“ஏண்டி ஹீரல், உங்க வீட்டு அடுப்பு எப்பதான்டி தூங்கும்?”

பெரியம்மா இதைக் கேட்டபோது எங்கள் ஊரான கோண்டலில் மழைக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் சமையலறை வாசலில் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வர அவளுக்குக் கால் கூசியது. அடுப்பின் மேல் பால் பொங்கிக் கருகியிருந்தது. அதன்மேல் காலையில் பருப்பு வழிந்திருந்தது. பருப்பின்மேல் மத்தியானம் அப்பா போட்ட டீ. கிணற்றுச் சுவரில் வருஷா வருஷம் தண்ணீர் நின்ற அடையாளம்போல எல்லாம் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது.

பெரியம்மா கேட்டால் எனக்கு எப்போதும் பதில் வராது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இதுதான் காரணம். எழுந்து நின்று படி என்று சொன்னால், யாரோ தொண்டைக்கு மூடி போட்டுத் திருகியது மாதிரி ஆகிவிடும். பெரியம்மா எனக்குப் பள்ளிக்கூடத்தையும் விடப் பெரிய பள்ளிக்கூடம்.

“என்னைக் கேளுங்க அக்கா,” என்று உள்ளறையிலிருந்து அம்மா கத்தினாள். “அவ வாயைத் திறக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்.”

“உன்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது ரசீலா? நீ கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. இங்க கரப்பான்பூச்சி கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்துது.”

“அதுங்களாவது சண்டை போடாம நடத்துதுங்களே!”

முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. வலது கை முழுக்க மாவுக்கட்டு. சமையல் என் தலையில் விழுந்தது. சமைக்க எனக்கு வரும். சமைத்த பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்பதுதான் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கும் வராது. “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பது அவள் அடிக்கடி சொல்லும் மந்திரம்.

பெரியம்மா மாடியில் இருக்கிறாள். ஒரே வீடு, மேலே பெரியப்பா குடும்பம், கீழே நாங்கள். நான் மூன்றாவது படிக்கும் வரை ஒரே சமையல்தான். அப்போது பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அம்மா கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அம்மா பார்க்கும்போதே மறுபடி கழுவுவாள். திட்டமாட்டாள், குறை சொல்லமாட்டாள். கழுவுவாள், அவ்வளவுதான். ஒருநாள் அம்மா, தான் கழுவிய டம்ளரையே கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்து தனியாக அடுப்பு மூட்டினாள். அந்த டம்ளர் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

அதனால் பெரியம்மா அடுத்துச் சொன்னது அம்மாவின் முகத்தை வெளுக்க வைத்தது.

“பேசாம இந்த அடுப்பை மூடிட்டு எல்லாரும் மேல சாப்பிட வந்துடுங்க. முன்ன மாதிரி ஒரே சமையல். ஹீரல் எனக்குக் கூடமாட இருக்கட்டும், நானும் நாலு வேலை பழக்கிவிடறேன். உனக்கு இனிமே கை எப்படிக் கூடுமோ என்னவோ.”

“மாவுக்கட்டு பிரிச்சா சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“கை சரியாகும். இது?” பெரியம்மா அடுப்பை முகவாயால் காட்டினாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். மறுபடி மேலே போய், தன் பாத்திரங்கள் தன் கண்ணெதிரே இரண்டாம் முறை கழுவப்படுவதைப் பார்க்கும் பயம் அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் இந்தச் சமையலறை. அழுக்காக இருந்தாலும் என்னுடையது.

“சீதளா சப்தமி வரைக்கும் பொறுங்க அக்கா,” என்றாள் அம்மா.

சிராவண மாதத்தில் சஷ்டியன்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மறுநாளைக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிடுவோம். சாயங்காலம் அடுப்பைக் கழுவி, துடைத்து, குளிர வைப்போம். இரவில் அம்மைத் தெய்வமான சீதளா மாதா வீடு வீடாக வந்து அடுப்பின்மேல் புரள்வாள். அடுப்பு குளிர்ந்திருந்தால் அவள் உடம்பு குளிரும், வீட்டையும் குளிர வைப்பாள். நெருப்பு இருந்தால் அவளுக்குச் சுட்டுவிடும். பிறகு அந்த வீட்டின் கதி அவ்வளவுதான். சப்தமியன்று நெருப்பே மூட்டமாட்டோம். சூடாக எதுவும் வாயில் வைக்கமாட்டோம். குளிக்கக்கூடப் பச்சைத் தண்ணீர்தான். கேஸ் அடுப்பில் மாதா எப்படிப் புரளுவாள் என்று என் அண்ணன் பரிமல் ஒருமுறை கேட்டான். “உன்னை மாதிரி தடியா இருந்தாத்தான் கஷ்டம்,” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். “சரி. சப்தமி காலைல நானே கீழ வந்து உங்க அடுப்புக்குப் பூஜை பண்றேன். மாதா புரளற மாதிரி இருந்துச்சுன்னா உங்க சமையல் உங்களோட. நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா அஷ்டமிலேர்ந்து ரெண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. என்னடி?”

இந்த ‘என்னடி’ எனக்கு. நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டுகிறோம் என்று யோசிக்காமல் ஆட்டிய தலை அது.

முதலில் எல்லோரும் செய்யும் தப்பையே நானும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் சமையலறையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேய்த்தேன். டப்பாக்களின் மேல் கடலெண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டும் அளவுக்குப் படிந்திருந்தது. எங்கள் ஊரே கடலெண்ணெய் ஊர். அப்பாவுக்கு ஆலையில் நிலக்கடலை மூட்டை எடை போடும் வேலை. சட்டையில் எண்ணெய், செருப்பில் எண்ணெய், எங்கள் வீட்டுச் சுவிட்சில்கூட எண்ணெய். சோப்புப் போட்டால் பிசுக்கு வழுக்கிக்கொண்டு இன்னும் பரவியது. கடைசியில் வெறுங்கையோடு கடலை மாவைத் தூவித் தேய்த்துப் பார்த்தேன். உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்துவிட்டது. இடுப்பு ஒடிந்தது. ஆனால் அடுத்த புதன்கிழமை வருவதற்குள் அடுப்பின்மேல் பால், பருப்பு, டீ மூன்றும் மறுபடி குடியேறிவிட்டன.

நான் அழுதேன். அம்மா படுக்கையிலிருந்து, “விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றாள். அந்த மந்திரம்தான் எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு நாள் முழுக்கச் சுத்தம் செய்வதை விட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையலறையை மூடுவது என்று வைத்துக்கொண்டேன். கடை மூடுவதுபோல. முதலில் அடுப்பு, சூடு ஆறியும் ஆறாமலும் இருக்கும்போதே. அப்போது துணி பட்டாலே வழிந்ததெல்லாம் வந்துவிடும். விடிந்தால் உளி வேண்டும். பிறகு மேடை. பிறகு தொட்டி. தொட்டியின் சல்லடையில் ஒரு பருக்கை இருக்கக்கூடாது, உள்பக்கம் ஈரமும் இருக்கக்கூடாது. ஈரம் போனதும் கரப்பான்பூச்சிகள் தாமாகவே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. ஈரத்துக்கு ஒரு துணி, உலர்த்தத் துடைக்க ஒரு துணி. இரண்டையும் அலசிப் போட்டால் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் கிழமைக்கு ஒன்று. திங்கள் மசாலா டப்பா, செவ்வாய் எண்ணெய் டின்னும் அதன் அடித்தட்டும், வெள்ளி அலமாரியின் ஒரு தட்டு. ஒரு தட்டுதான், இரண்டு என்றால் சலிப்பு வந்துவிடும்.

‘மூடியாச்சு, இனிமே யாரும் உள்ள வரக்கூடாது’ என்று சத்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் வாசல் நிலையில் ஒரு கயிறு கட்டி, அலசிய துணியை அதில் குறுக்காகப் போட்டேன். ஈரத்துணி தொங்கினால் சமையலறை மூடியாச்சு என்று அர்த்தம்.

“பார்டர் மூடியாச்சா?” என்றான் பரிமல். “பாஸ்போர்ட் இருந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிக்கலாமா மேடம்?”

“பானை வெளியதான் இருக்கு.”

“ஓ, எல்லைக்கு வெளியே. நல்ல ராஜ்ஜியம்.”

பரிமல் பேசுவானே தவிரத் துணியைத் தாண்டமாட்டான். தாண்டியது அப்பா. குனிந்து, தலையில் ஈரத்துணி பட, ஒரு பூனை மாதிரி உள்ளே நுழைவார். அவருக்கு எழுந்தவுடன் டீ, குளிக்குமுன் டீ, குளித்தபின் டீ, ஆலைக்குப் போகுமுன் டீ, வந்தபின் டீ, மழை பெய்தால் டீ, மழை நின்றால் டீ. டீ போடுவதில் கெட்டிக்காரர். போட்ட இடத்தைப் பார்த்தால் ஆடு மேய்ந்த இடம்போல இருக்கும். சர்க்கரை தரையில், இலைச்சக்கை தொட்டியில், இஞ்சித் தோல் எங்கேயோ. எங்கள் வீட்டில் அதிகம் கேட்கும் வாக்கியம், “லைட்டர் எங்க?” என்பது.

அவரை நிறுத்த முடியாது என்று புரிந்தது. அதனால் மேடையின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு மூலை ஒதுக்கினேன். டீப் பாத்திரம், இலை, சர்க்கரை, இஞ்சித் துருவி, வடிகட்டி. லைட்டருக்கு ஓர் ஆணி. சக்கைக்கு ஒரு கிண்ணம். போட்டு முடித்ததும் பாத்திரத்தை அவரே கழுவி அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும், ரெகுலேட்டரை அவரே மூட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்ததால் அம்மா சொன்னாள்.

“என் பொண்ணு எனக்கு ஆபீஸே போட்டுக் கொடுத்துட்டா!” என்று அப்பா தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “கண்ணை மூடிக்கிட்டே டீ போடலாம்.” போட்டும் காட்டினார்.

“கையைச் சுட்டுக்கப் போறீங்க,” என்றாள் அம்மா. அவர் சுட்டுக்கொள்ளவில்லை. சிந்தவும் இல்லை. அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்படியே மழையும் நாளும் போயின. அம்மாவின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை வெளுத்து, மெலிந்து, யாரோ கடன் கொடுத்த கைபோல இருந்தது. கனமானது எதையும் தூக்கக்கூடாது. அந்தக் கையாலேயே அவள் சஷ்டியன்று என் பக்கத்தில் உட்கார்ந்து தேப்லா ரொட்டிக்கு மாவு உருட்டினாள். நாள் முழுக்கச் சமைத்தோம். வெந்தயக்கீரை போட்ட தேப்லா, கம்பு வடை, வெல்லம் போட்ட பூரி, உருளைக்கிழங்கு வதக்கல். மாதாவுக்கு நெருப்பில் வைக்காமல் கம்பு மாவு, வெல்லம், நெய் சேர்த்துப் பிசைந்த உருண்டை. மாடியிலும் பொரிக்கும் சத்தம் கேட்டது. பெரியம்மாவின் எண்ணெயும் எங்கள் எண்ணெயும் மாடிப்படியில் சந்தித்துக்கொண்டன.

சாயங்காலம் அடுப்பை அணைத்தேன். பர்னர்களைக் கழற்றி எலுமிச்சைத் தோலும் சோடாவும் போட்டு ஊற வைத்தேன். துளைகளை ஊசியால் குத்தி எடுத்தேன். அடுப்பைத் தூக்கி அதன் அடிவயிற்றையும் துடைத்தேன். அங்கே இவ்வளவு நாளாகத் தினமும் துடைத்ததால் பெரிதாக ஒன்றும் இல்லை. எதிர்பார்த்த வேலை பாதிகூட இல்லாததில் எனக்கு ஏமாற்றமே வந்துவிட்டது. எல்லாம் காய்ந்தபின் குங்குமத்தால் ஸ்வஸ்திக் வரைந்து, பருத்திச் செடியின் சிறு கிளை ஒன்றை மேலே வைத்தேன்.

அம்மா வந்து நின்று பார்த்தாள். “இது நம்ம அடுப்பா, இல்ல கடையிலேர்ந்து மாத்திக் கொண்டுவந்துட்டியா?”

“நம்மதுதான்.”

“மாதா வழி தெரியாம வேற வீடுன்னு நினைச்சுப் போயிடப் போறா.” சொல்லிவிட்டு மெலிந்த கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அது அவளுடைய முத்தம்.

பரிமல் சீட்டாடப் போனான். சப்தமி, அஷ்டமி இரண்டு நாளும் எங்கள் ஊரில் ஆண்கள் சீட்டாடாவிட்டால் அவர்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். நான் கயிற்றில் துணியைப் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

விடியற்காலையில் இஞ்சி வாசம் வந்தது.

கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். சப்தமியன்று எனக்கு எப்போதும் டீக் கனவு வரும். பிறகு ஏலக்காய் வாசமும் வந்தது. கனவில் இவ்வளவு நன்றாக ஏலக்காய் வராது. எழுந்து ஓடினேன்.

அப்பா அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். பனியன், தோளில் துண்டு, கண் முக்கால்வாசி மூடியிருந்தது. டீ பொங்கி ஏறும்போது அடுப்பைக் குறைத்தார், இறங்கியதும் கூட்டினார். பருத்திக் கிளையை எடுத்து, சக்கைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக, ஒழுங்காக வைத்திருந்தார். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

“அப்பா!”

“ம்? உனக்கும் ரெண்டு வாய் ஊத்தவா?”

“இன்னிக்கு சப்தமி!”

அவர் முகம் அடியிலிருந்து மேலாக மெதுவாக விழித்தது. முதலில் வாய், பிறகு மூக்கு, கடைசியாகக் கண். டக்கென்று அடுப்பை அணைத்தார். ரெகுலேட்டரையும் மூடினார். லைட்டரை ஆணியில் மாட்டினார். பழக்கம்.

என் குரல் கேட்டு அம்மா வந்தாள். “ஐயையோ! மாதா!” என்று முறிந்து கூடிய கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டு, “ஆ!” என்று அதற்கும் சேர்த்துக் கத்தினாள். “என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

“ரசீலா, கத்தாதே. மாதா ராத்திரியே வந்துட்டுப் போயிருப்பா. அவளுக்கு எத்தனை வீட்டுக்குப் போகணும்! விடிஞ்சப்பறமும் நம்ம வீட்லயே படுத்துக் கிடப்பாளா?”

“நீங்க மாதாவோட டைம்டேபிளைப் பாத்தீங்களா?”

“எல்லாம் இந்தப் பொண்ணாலதான்!” என்றார் அப்பா பரிதாபமாக. “முன்னயெல்லாம் லைட்டரைத் தேடறதுக்குள்ள தூக்கம் கலைஞ்சிடும். இப்ப கை வச்ச எடத்துல எல்லாம் இருக்கு. தூக்கம் கலையறதுக்குள்ள டீ கொதிச்சிடுச்சு!”

திண்டாட்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் மாடிப்படி மரத்தாலானது. பெரியம்மா இறங்கினால் ஒவ்வொரு படியும் அழும்.

“வர்றாங்க!” என்றாள் அம்மா.

நான் ஈரத்துணியை அடுப்பின்மேல் போட்டேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. அப்பா டீப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து அரிசி டின்னைத் திறந்தார்.

“அதுல வைக்காதீங்க! வருஷத்து அரிசி, டீ வாசம் வந்துடும்!” என்றாள் அம்மா.

“அப்ப எங்க வைக்கறது, என் தலையிலயா?”

கடைசியில் தேப்லாத் தூக்குக்குப் பின்னால் வைத்து, தட்டைப் போட்டு மூடினோம். பாத்திரம் ஒளிந்துகொண்டது. வாசம் ஒளியவில்லை. சீட்டாடிவிட்டு விடியலில் வந்து கூடத்தில் படுத்திருந்த பரிமல் தலையை நீட்டினான். “ஊதுபத்தி ஏத்தவா? வாசம் போயிடும்.”

“நெருப்பாடா! இன்னிக்கு நெருப்பா ஏத்துவே!” என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

நான் துணியைக் கயிற்றில் போட்டு, கிளையைத் திரும்ப அடுப்பில் வைத்தபோது பெரியம்மா வாசலில் நின்றாள். பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் சொட்டியது. வெளியே மழை. உதடு நீலமாக இருந்தது. கையில் தட்டு. தட்டில் கம்பு மாவு உருண்டை, தயிர், ஒரு செம்பில் தண்ணீர், ஏற்றாத திரி போட்ட விளக்கு.

உள்ளே வந்தவள் அடுப்புக்கு நேராகப் போகவில்லை. தட்டை மேடையில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். அலமாரித் தட்டின் அடியில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தாள். இன்னொரு தட்டின் அடியில் ஓட்டினாள். எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தாள். மசாலா டப்பாவின் ஓரங்களைப் பார்த்தாள். தொட்டியின் சல்லடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கயிற்றில் கிடந்த துணியை எடுத்து மோந்து பார்த்தாள். சோற்றில் கல்லைத் தேடிக்கொண்டே சாப்பிட்டு, கடைசி வாய் வரை கல்லே வராதவள்போல அவள் முகம் ஆகிவிட்டது.

“நீயா செஞ்சே?”

நான் தலையாட்டினேன்.

“எல்லாமா?”

“ராத்திரி துணி தொங்கிடுச்சுன்னா என்னையே உள்ள விடமாட்டா அண்ணி,” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் அதிகமாகவே உற்சாகமாக இருந்தது. அம்மா அவர் காலை மிதித்தாள்.

பெரியம்மா செம்பை எடுத்தாள். கண்ணை மூடி, “மாதா, குளிர்ந்திரு, எங்களையும் குளிர வை,” என்று முணுமுணுத்து, விரல்களில் தண்ணீரை அள்ளி அடுப்பின்மேல் தெளித்தாள்.

சுர்ர்ர்.

பெரியம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். நம்பாமல் மறுபடி இரண்டு சொட்டுத் தெளித்தாள். சுர்ர். பிறகு உள்ளங்கையைப் பர்னரின்மேல் வைத்து, வெடுக்கென்று எடுத்தாள்.

“நான்தான் அண்ணி,” என்றார் அப்பா. “தூக்கக் கலக்கம். கை தானாப் போட்டுடுச்சு. பொண்ணு மேல தப்பு இல்ல.”

“சப்தமியன்னிக்கா! தனசுக், உனக்கு நரை விழுந்து எத்தனை வருஷம் ஆச்சு? இந்தத் தெருவுல இன்னிக்கு அடுப்பு பத்தவச்ச வீடு ஒண்ணு காட்டு பாப்போம்! சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!”

“தெரியும் அண்ணி. கைக்குத்தான் தெரியல.”

“சிரிக்காதே ரசீலா, நீ சிரிக்கறது எனக்குத் தெரியுது.”

“நான் சிரிக்கல அக்கா, அழறேன்,” என்றாள் அம்மா. உண்மையில் அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. மேலே போகப்போகும் பாத்திரங்களை அவள் ஏற்கெனவே எண்ண ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் தொண்டையில் இருந்த மூடி கழன்றது. எப்படி என்று எனக்கே தெரியாது.

“சுத்தமா இருந்துச்சா இல்லையா பெரியம்மா?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கூடத்திலிருந்து பரிமலின் தலை மறுபடி நீண்டது.

“என்னது?”

“நீங்க மாதா புரளற மாதிரி இருக்கணும்னு சொன்னீங்க. ராத்திரி நான் மூடும்போது அடுப்பு பச்சைத் தண்ணி மாதிரி இருந்துச்சு. மாதா வந்திருந்தா சுகமாப் புரண்டிருப்பா. விடிஞ்சு நடந்ததுக்கு என் சுத்தம் என்ன பண்ணும்?”

இவ்வளவு நீளமாக நான் பெரியம்மாவிடம் பேசியதே இல்லை. மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

“சுத்தமா இல்லேன்னு யார் சொன்னா?” என்றாள் பெரியம்மா. குரல் முன்போல இல்லை. ஆனால் உடனே நிமிர்ந்துகொண்டாள். “சுத்தமாத்தான் இருக்கு. ஆனா சுட்டுச்சே! நான் பேச்சு மாறமாட்டேன். மாதா விஷயத்துல விளையாட்டு கிடையாது. நாளைக்கு அஷ்டமிலேர்ந்து ரெண்டு வீட்டுக்கும்…”

குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது. வாக்கியம் அங்கே நின்றது. ஒரு தும்மல் வந்தது. இன்னொன்றும் வந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குள் வந்து இரண்டு நிமிஷம் நின்றால் கையில் சாஸர் வந்துவிடும். கேட்கமாட்டோம். வேண்டாம் என்று சொல்லவும் வந்தவருக்கு நேரம் கொடுக்கமாட்டோம். தும்மினால் கேட்கவே வேண்டாம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தேப்லாத் தூக்குக்குப் பின்னால் கையை விட்டாள். தட்டை நகர்த்தி, வடிகட்டியை எடுத்து, சாஸரில் டீயை ஊற்றி நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு செய்தவள்போல, சிந்தாமல்.

பெரியம்மாவின் கை நீண்டது. வாங்கியது. உதட்டுக்குக் கொண்டுபோய், ஊதி, ஒரு வாய் உறிஞ்சினாள்.

அதன்பிறகுதான் அம்மாவுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அவள் கை வடிகட்டியோடு அந்தரத்தில் நின்றது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பெரியம்மா சாஸரைப் பார்த்தாள். அதில் ஆவி பறந்தது. இஞ்சி, ஏலக்காய், கொஞ்சம் எலுமிச்சம்புல். சப்தமியன்று இந்தத் தெருவிலேயே ஆவி பறக்கும் ஒரே சாஸர் அவள் கையில் இருந்தது.

பெரியம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். பிறகு சாஸரைத் தூக்கி மீதியையும் குடித்தாள். அவசரமில்லாமல், அடிவரை. உதட்டின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

தொட்டிக்குப் போய்ச் சாஸரைக் கழுவினாள். நான் முன்னால் போனேன், கையைத் தட்டிவிட்டாள். கயிற்றில் இருந்த இரண்டு துணிகளில் உலர்த்தும் துணியைச் சரியாகப் பார்த்து எடுத்துத் துடைத்தாள். அடுக்கில் ஒரு சாஸர் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அங்கே கவிழ்த்தாள். பக்கத்திலிருந்த சாஸர்களில் ஒன்றைக் கையில் எடுத்தாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுவவில்லை. இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பூஜைத் தட்டிலிருந்து கம்பு மாவு உருண்டை ஒன்றை எடுத்து அடுப்பின்மேல், பருத்திக் கிளைக்குப் பக்கத்தில் வைத்தாள். பரிமல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அம்மா போய் அவன் வாயைப் பொத்தினாள். பெரியம்மா சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்து, தட்டை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அன்று சொன்னபடியே வாயே திறக்காமல் படியேறிப் போனாள்.